நாம் வாழும் ஊர்: கணேஷ்கிண்ட் மாளிகை

ஊரிலிருந்து உறவினர் எவரேனும் வந்தால், நாம் அவர்களை அழைத்துக்கொண்டு செல்லும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே. பர்வதி மலைக்கு ஒரு காலை. சனிவார்வாடாவுக்கு ஒரு மாலை. ஆகாகான் மாளிகையில் கஸ்தூரிபா அம்மையாரின் சமாதிக்கு ஒரு பிற்பகல். இவற்றுடன் நம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். சென்ற மாதம் தஞ்சையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், "பம்பாய் கவர்னர் மழைக்காலத்தில் புனாவில் வந்து தங்குவார் என்று சிறுவயதில் படித்திருக்கிறேன். அந்த அரண்மனை எங்கே இருக்கிறது?" என்று வினவினார். அதற்கு முதல் நாள்தான் அவருடைய பேத்தியின் சேர்க்கை விண்ணப்பத்தைக் கொடுப்பதற்காக அவரும் நாமும் சர்வகலாசாலைக்குச் சென்று திரும்பியிருந்தோம். "நேற்றுப் போய் வந்தோமே, அதுதான்" என்றோம். பெரியவர் திகைத்துப்போனார். உண்மையைச் சொன்னால் நாமும் சிறிது வெட்கமுற்றோம். கோபுரத்தின் நிழலில் நின்று படிவங்களை நிரப்பினோமேயன்றி, அக்கோபுரம் எவருடையது என்று அவருக்குச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த மாதம் இப்பகுதியைக் கணேஷ்கிண்ட் மாளிகைக்கு ஒதுக்கினோம்.

அரசு புரிவோர் தலைநகரில் ஓர் இல்லமும், நகரின் இரைச்சலுக்கு அப்பால் தோட்டமும் நீர்நிலையும் சூழ மற்றோர் இல்லமும் வைத்துக்கொள்வது எல்லா நாடுகளிலும் கண்ட வழக்கம். இவ்வழக்கத்தை அதன் உச்சத்தில் காண விரும்புவோர் ருஷிய நாட்டை நோக்க வேண்டும். பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ஜார் மன்னர்களுக்கு நகரைச் சுற்றிலும் கோடைக்கால அரண்மனைகள் பல இருந்தன. கடற்கரையில் மகா பீட்டர் தொடங்கிய பீட்டர்ஹாப் மாளிகையின் நீரூற்றுகள் யந்திர உதவியின்றி, மேட்டு நிலத்திலிருந்து இறங்கிவரும் நீரின் வேகத்தாலேயே இன்றும் எழும்புகின்றன. ஜார்ஸ்கோயே ஸெலோ என்ற இடத்தில், இரண்டாம் காதரீன் அரசி தம் பேரன் அலெக்ஸாந்தருக்காக, குவாரங்கி என்ற இத்தாலியச் சிற்பியைக் கொண்டு 1792 முதல் 1796 வரை ஓர் அரண்மனை எழுப்பினார். பிற்காலத்தில் அதுவே கடைசி ஜாரான இரண்டாம் நிக்கலஸின் இல்லமாயிற்று. 1917-ஆம் ஆண்டுப் புரட்சியில் முடியிழந்த அவர், அதே வீட்டில் தம் குடும்பத்துடன் காவலில் வைக்கப்பட்டார். ஆகஸ்டு மாதத்தில் அங்கிருந்து ஸைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். மகிழ்ந்திருக்கக் கட்டிய வீடே சிறையானது. இன்று அந்த மாளிகைகள் பொதுமக்கள் சென்று காணும் காட்சிசாலைகளாக இருக்கின்றன.

அவ்வளவு தொலைவு செல்லாமல் நம் சென்னையையே எடுத்துக்கொள்ளலாம். சென்னை கவர்னருக்கு மவுண்டு ரோட்டை ஒட்டி நகர மாளிகை ஒன்றும், கிண்டியில் வனம் சூழ்ந்த மாளிகை ஒன்றும் இருந்தன. நகர மாளிகை இருந்த இடம் ஓமந்தூரார் தோட்டம் என்ற பெயரில் அரசாங்கக் கட்டடங்களுக்கு இடமாயிற்று. கிண்டி மாளிகை ராஜ்பவனாக நிலைத்தது. அதன் பரந்த வனத்திலிருந்தே காந்தி மண்டபத்திற்கும், 1959-இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும் நிலம் கிடைத்தது. கிண்டிக்கு நேர்ந்ததும் கணேஷ்கிண்டுக்கு நேர்ந்ததும் ஒரே வகையானவை என்பதை வாசகர்கள் போகப்போகக் காண்பார்கள்.

மராட்டியில் 'கிண்ட்' என்றால் குன்றுகளின் இடையே உள்ள கணவாய். கணேசரின் பெயர் தாங்கிய அந்தக் கணவாய்க்கும் முளா நதிக்கும் நடுவே கிடந்த வெட்டவெளி, சரித்திரத்தில் முன்பே இடம்பெற்றது. 1817-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் ஆங்கிலேயர் படையும் கட்கிப் போரில் மோதிய நிலப்பரப்பு அது. அன்றைய தோல்வியோடு பேஷ்வாக்களின் ஆட்சி குலையத் தொடங்கியது. 1828-இல் சனிவார்வாடா தீக்கிரையாயிற்று. அதே ஆண்டில்தான் பம்பாய் கவர்னர் ஸர் ஜான் மால்கம், கட்கிக்கு அருகே பவனா நதிக்கரையில் இருந்த தாபோடித் தோட்ட வீட்டை அரசாங்கத்தின் பெயரில் விலைக்கு வாங்கினார். பேஷ்வாவின் படைப்பிரிவொன்றுக்குத் தலைவனாய் இருந்து, கட்கிப் போரில் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்துகொண்ட போர்டு என்ற கேப்டனின் வீடு அது. ஒருவர் அரண்மனை எரிந்த ஆண்டிலேயே மற்றவருக்கு அரண்மனை அமைந்த விந்தையை இங்கே காண்கிறோம்.

தாபோடித் தோட்டத்திற்கு இன்னொரு பெருமையும் உண்டு. அங்கே மால்கம் ஏற்படுத்திய தாவரத் தோட்டத்தில் அலெக்ஸாந்தர் கிப்ஸன் என்ற வைத்தியர் பல ஆண்டுகள் மூலிகைகளையும் மரங்களையும் வளர்த்துச் சோதித்தார். அவருக்காக இந்நாட்டு ஓவியர் ஒருவர் அச்செடிகளைத் தீட்டிய வர்ணச் சித்திரங்கள், இன்று ஸ்காட்லாந்து தேசத்தில் எடின்பரோ தாவரத் தோட்டத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. கிப்ஸனின் பெயரைச் சரித்திரம் குறித்து வைத்தது. அந்த ஓவியரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

பம்பாய் கவர்னர்களுக்கு ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிந்திருந்தது. குளிர்காலம் பம்பாயில், கோடை மகாபலேசுவரத்தில், மழைக்காலம் புனாவில். பம்பாயின் கொட்டும் மழையை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு, சாரலும் இளங்காற்றுமாக இருக்கும் நம் ஊர் ஆவணி மாதத்தின் அருமை விளங்கும். கவர்னரோடு காரியதரிசிகளும் படைத்தலைவர்களும் அவர்கள் குடும்பங்களும் இங்கு வந்து கூடுவார்கள். அப்பெருங்கூட்டத்துக்குத் தாபோடி வீடு சிறிதாகிவிட்டது. 1862-இல் கவர்னராக வந்த ஸர் பார்ட்டில் பிரியர், பழைய தோட்டத்தை விற்றுவிட்டுக் கணேஷ்கிண்ட் வெளியில் புதிய மாளிகை எழுப்ப முடிவு செய்தார். 1864-இல் வேலை தொடங்கியது.

அந்த ஆண்டைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1861 முதல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தென்மாகாணங்களின் துறைமுகங்கள் முற்றுகையில் இருந்தமையால், லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வரவில்லை. சீமை வியாபாரிகள் இந்தியப் பருத்தியைத் தேடி ஓடிவந்தார்கள். விலை மடமடவென்று ஏறியது. பம்பாயில் பொன்மழை பொழிந்தது. கடலைத் தூர்க்கவும் வங்கிகள் நிறுவவும் நாள்தோறும் புதுக் கம்பெனிகள் தோன்றின. பிரியர் பம்பாய்க் கோட்டையின் மதிலை இடித்து நகரை விரிவாக்கியதும் இக்காலத்திலேயே. அப்பணிக்கென அமைந்த குழுவின் சிற்பியான ஜேம்ஸ் டிரப்ஷா என்பவரே கணேஷ்கிண்ட் மாளிகைக்கும் வரைபடம் தயாரித்தார்.

1865-இல் அமெரிக்கப் போர் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. அவ்வாண்டின் நடுவில் பம்பாய்ப் பங்குச் சந்தை விழுந்தது, கம்பெனிகள் மறைந்தன, செல்வந்தர் பலர் ஒரே நாளில் கடனாளிகள் ஆயினர். ஆயினும் கணேஷ்கிண்டில் சுவர்கள் உயர்ந்துகொண்டேயிருந்தன. தாபோடியை விற்ற பணம் செலவில் ஒரு சிறு பங்குக்கே போதுமானதாயிற்று. பிரியர் 1867-இல் பதவி விட்டுச் சென்ற பின்னும் வேலை தொடர்ந்து, 1871-இல் முடிவடைந்தது. மொத்தச் செலவு 1,75,000 பவுன். அக்காலக் கணக்கில் பதினேழரை லட்ச ரூபாய். இலண்டன் பார்லிமெண்டிலேயே, பம்பாய் கவர்னரின் ஊதாரித்தனத்துக்கு இது ஓர் உதாரணம் என்று கடிந்துரைத்தார்கள். கடிந்துரைத்தவர்கள் கஜானாவுக்குப் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அது இந்நாட்டுக் குடியானவன் செலுத்திய வரிப் பணம்.

இனி மாளிகையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் விக்டோரியா அரசிக்கென, அவர் கணவர் ஆல்பர்ட் இளவரசர் 1845-இல் தொடங்கி வைட்டுத் தீவில் எழுப்பிய ஆஸ்போர்ன் மாளிகையின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது. இத்தாலிய நாட்டுக் கிராமப்புற மாளிகைகளைப் பார்த்து அமைந்த பாணி அது. அப்பாணியின் இலக்கணம், கட்டடத்தின் இரு புறமும் ஒரே அளவாய் அமையாது, நீண்ட தாழ்ந்த பகுதியின் மேல் ஒரு சதுரக் கோபுரம் தனித்து உயர்ந்து நிற்பதாகும். கணேஷ்கிண்டிலும் அவ்வாறே. தக்காணத்தின் கருங்கல்லால் எழுந்த இரண்டடுக்குக் கட்டடம் நீண்டு கிடக்கிறது. அதன் நடுவே கொடிக் கோபுரம் எழும்புகிறது. கவர்னர் வந்திருக்கிறார் என்பதைச் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் அதன் உச்சியில் பறந்த கொடியே அறிவித்தது.

வளைவுத் தாழ்வாரங்களைக் கூர்ந்து பார்க்கவேண்டும். வெறும் அழகுக்காக அமைந்தவையல்ல அவை. சாரல் அறைக்குள் புகாமல், காற்று மட்டும் புகுந்து செல்ல அவை வழிசெய்கின்றன. திண்ணையும் தாழ்வாரமும் வைத்துக் கட்டிய நம் தஞ்சை வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதன் பயனை விளக்க வேண்டுவதில்லை. வண்டியில் வருவோர் நனையாமல் இறங்க முகப்பில் ஒரு மண்டபம் உண்டு. உள்ளே விருந்துக் கூடமும் நடனக் கூடமும் இருந்தன. அடியில் ஒரு சுரங்கப் பாதையும் உண்டு. பரிசாரகர்கள் விருந்தினர் கண்ணில் படாமல் போய்வர அமைத்தது அது என்பார்கள். மேலே விளக்கொளியில் நடனமும், கீழே இருளில் தட்டேந்திய கால்களும் என்று எண்ணிப் பார்த்தால், அக்கால ஆட்சியின் அமைப்பே அந்த ஒரு வீட்டில் புலப்படுகிறது.

பீட்டர்ஹாப்பின் நீரூற்றுகளைப் பற்றி மேலே சொன்னோம். கணேஷ்கிண்டுக்கும் நீர் தேவைப்பட்டது. தோட்டங்களுக்கும் மாளிகைக்கும் நீர் தருவதற்காக ராம்நதியின் குறுக்கே அணை எழுப்பி ஒரு நீர்த்தேக்கம் அமைத்தார்கள். அதுதான் இன்று நம் குழந்தைகளைப் பறவைகள் பார்க்க அழைத்துச் செல்லும் பாஷாண் ஏரி. தாபோடியின் தாவரத் தோட்டமும் கணேஷ்கிண்டுக்கே இடம் மாறியது.

மாளிகை முடிந்து நான்கே ஆண்டுகளில் அதன் கணக்கின் மறுபக்கம் வெளிப்பட்டது. பஞ்சு விலை ஏறியிருந்த நாட்களில், புனா ஜில்லாவின் குடியானவர்களுக்கு லேவாதேவிக்காரர்கள் கேட்ட கடனைக் கொடுத்தார்கள். அறுபதுகளின் முடிவில் அரசாங்கமும் நிலவரியை உயர்த்தியது. விலை வீழ்ந்தபோது கடன் வீழவில்லை, வரியும் வீழவில்லை. 1875-ஆம் ஆண்டு மே மாதம் புனா ஜில்லாவில் உள்ள சுபே என்ற கிராமத்தில் குடியானவர்கள் திரண்டு, லேவாதேவிக்காரர்களின் வீடுகளில் புகுந்து கடன் பத்திரங்களைத் தீயிலிட்டார்கள். கலகம் அகமத்நகர் ஜில்லாவிலும் பரவியது. தக்காணக் கலகம் என்று சரித்திரத்தில் வழங்குவது இதுவே. எங்கோ அமெரிக்காவில் நடந்த போரால் வந்த செல்வமும் துயரும் ஒரே ஜில்லாவில் இறங்கின. செல்வம் கணேஷ்கிண்டில் கோபுரமாக நின்றது. துயர் சுபேயில் நெருப்பாக எழுந்தது.

இம்மாளிகையின் வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆண்டு 1897. முந்திய ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் புனாவிலும் புகுந்து உயிர்களைக் கொள்ளையிட்டது. நோயைத் தடுக்க ராண்டு என்ற அதிகாரி நியமிக்கப்பட்டார். அவருடைய ஏற்பாட்டில் பட்டாளத்தார் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டனர். நோயுற்றோரைப் பிரித்து வைப்பது மருத்துவ முறைக்கு ஏற்றதே. ஆனால் பூஜையறையிலும் சமையலறையிலும் அந்நியச் சிப்பாய்கள் நுழைந்ததும், பெண்டிர் மானத்துக்கு இடையூறு நேர்ந்ததும், உடைமைகள் எரிக்கப்பட்டதும் மக்களின் நெஞ்சைப் புண்படுத்தின.

அவ்வாண்டு ஜூன் 22-ஆம் நாள், விக்டோரியா அரசி பட்டத்துக்கு வந்து அறுபதாண்டு நிறைந்த வைர விழா. ஊரில் சாவு விழுந்துகொண்டிருந்தபோதே கணேஷ்கிண்ட் மாளிகை விளக்குகளால் ஒளிர்ந்தது. இரவு விருந்து முடிந்து வண்டிகள் திரும்பும் வேளையில், கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்கள் காத்திருந்தார்கள். பாலகிருஷ்ண சாபேகர் சுட்டதில் அயர்ஸ்ட் என்ற இளம் அதிகாரி அங்கேயே மாண்டார். தாமோதர சாபேகரின் குண்டு பட்ட ராண்டு ஜூலை 3-ஆம் நாள் இறந்தார். தாமோதரர் 1898-இலும், அவர் தம்பியர் பாலகிருஷ்ணரும் வாசுதேவரும், தோழர் மகாதேவ ரானடேயும் 1899-இலும் தூக்கிலிடப்பட்டனர். ஒரே குடும்பத்தில் மூன்று புதல்வர்கள்! அந்தக் கொந்தளிப்பில் லோகமான்ய திலகரும் ராஜத்துரோக வழக்கில் பதினெட்டு மாதத் தண்டனை அடைந்தார். சாபேகர்களின் தியாகத்தை மகாராஷ்டிரம் போற்றுகிறது. யாதொரு பகையும் இல்லாத அயர்ஸ்டின் சாவையும் நினைத்து வருந்துவது அந்தப் போற்றுதலுக்குக் குறைவாகாது என்பது நம் எண்ணம்.

அதே பிளேக்கின் மற்றொரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இக்கதை நிறைவுறாது. 1848-இல் இந்நகரின் பிடேவாடாவில் கணவர் ஜோதிராவ் பூலேயுடன் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கியவர் சாவித்திரிபாய். பள்ளிக்குச் செல்லும் வழியில் தம்மீது சேறும் சாணமும் வீசப்பட்டபோதும் தளராதவர். 1897-இல் அவர் அறுபது வயது கடந்த விதவை. தம் வளர்ப்பு மகனான வைத்தியர் யசுவந்தருடன் சேர்ந்து, நோயாளிகளுக்கு நகரின் புறத்தே ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். பிளேக் கண்ட ஒரு சிறுவனைத் தாமே தூக்கிக்கொண்டு அங்கே சென்றார். அந்நோய் அவரையும் பற்றியது. மார்ச்சு 10-ஆம் நாள் உயிர் துறந்தார். அதற்குச் சரியாக மூன்று மாதமும் பன்னிரண்டு நாளும் கழித்துத்தான் கணேஷ்கிண்டில் வைர விழா விருந்து நடந்தது.

நாடு விடுதலை பெற்றது. கவர்னருக்கு இனி இத்துணைப் பெரிய மழைக்கால மாளிகை எதற்கு என்ற கேள்வி எழுந்தது. புனாவுக்கென்று ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. 1949-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் அது பிறந்தது, டாக்டர் மு. ரா. ஜெயகர் முதல் துணைவேந்தர் ஆனார். அன்றைய முதன்மந்திரி பா. க. கேர் ஆதரவால் கணேஷ்கிண்ட் மாளிகையும் அதன் தோட்டமும் சர்வகலாசாலைக்குக் கிடைத்தன. இன்றைய வளாகம் 411 ஏக்கர். கவர்னரின் புனா இல்லம் அருகிலேயே வேறு கட்டடத்தில் இருக்கிறது. நடனக் கூடம் இருந்த வீட்டில் கல்விக் குழுக்கள் கூடின. விருந்தினர் உலாவிய மரநிழலில் மாணவர்கள் அமர்ந்தனர். 1988-இல் ஜயந்த் நார்லிகர் தலைமையில் வானியல் ஆராய்ச்சி நிலையமும் அவ்வளாகத்தில் தோன்றியது.

2014-ஆம் ஆண்டில் சர்வகலாசாலைக்குச் சாவித்திரிபாய் பூலேயின் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாற்றங்களைப் பற்றி நம்மிடையே பலவகைக் கருத்துகள் உண்டு. ஆனால் இந்த ஒரு பெயர் இந்த ஒரு வீட்டுக்கு அமைந்ததில் உள்ள பொருத்தத்தை எவரும் மறுக்க இயலாது. 1897-இல் அம்மையார் உயிரோடு இருந்து இம்மாளிகை வாயிலுக்கு வந்திருந்தால், காவலன் அவரை உள்ளே விட்டிருக்கமாட்டான். இன்று அவர் சிலை மாளிகையின் முன்னே நிற்கிறது. அங்கே பட்டம் பெறுவோர் கையில் உள்ள தாளின் தலைப்பில் அவர் பெயர் இருக்கிறது.

நம் குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் இராணுவக் கணக்கு அலுவலகங்களிலும் உழைத்துக் குடியேறிய நம்மவர்களின் புதல்வரும் புதல்வியரும் பலர் இங்கே பயின்று பட்டம் பெற்றார்கள். தாங்கள் பள்ளியிறுதியோடு நின்றுவிட்ட தாய்மார்கள், மகளின் பட்டமளிப்பு நாளில் பட்டுப்புடவை உடுத்தி அந்தக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படம் நம் வீடுகள் பலவற்றின் கூடத்தில் தொங்குகிறது. மகளின் முகத்தையே நோக்கியிருக்கும் நம் கண்கள் பின்னால் உள்ள கோபுரத்தைக் கவனிப்பதில்லை. இனிக் கவனிக்கலாம்.

தஞ்சைப் பெரியவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அழைத்துச் சென்றோம். கொடிக் கோபுரத்தையும் வளைவுத் தாழ்வாரத்தையும் காட்டினோம். அனைத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "பதினேழரை லட்சம் கொடுத்தவர்களுக்கு இது எப்போது திரும்பி வந்தது?" சிறிது யோசித்து, "1949-இல் ஒரு பகுதி வந்தது, மீதி ஆண்டுதோறும் ஆடி மாதச் சேர்க்கையின்போது வந்துகொண்டிருக்கிறது" என்றோம். பெரியவர் சிரித்தார். பேத்தியின் விண்ணப்பம் ஏற்கப்பட்ட செய்தி அடுத்த வாரமே கிடைத்தது.

மழை ஓய்ந்த ஒரு நாளில் வாசகர்களும் தத்தம் குழந்தைகளோடு சென்று வரவேண்டும்.